மேலே போனால் மட்டும் பேசுகிறவர்

என் வீட்டுக்காரருக்கு வேலை லிஃப்ட் ரிப்பேர். நகரத்தில் உயரமான கட்டடம் எது இருந்தாலும் அதன் வயிற்றுக்குள் இவர் போய் வந்திருப்பார். வாரம் முழுக்க கிரீஸ் வாடை அடிக்கும் இருட்டுக் குழிக்குள் நின்றுகொண்டு, இரும்பு வடத்தையும் சக்கரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டு அழுதால் கதவிடுக்கு வழியாக "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்பார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் அதுவும் கிடையாது.

நான் பெண்களுக்கு முடி வெட்டும் பார்லர் வைத்திருக்கிறேன். என் தொழிலில் கத்தரிக்கோல் பாதி, பேச்சு பாதி. நாற்காலியில் வந்து உட்காருகிறவள் மாமியார் கதை, மருமகள் கதை, ஆபீஸ் கதை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இப்படிப்பட்ட எனக்கு வாய்த்தவரைப் பாருங்கள். கல்யாணமான புதிதில் இந்த மனிதருக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, பெற்ற அம்மாவிடமும் இவர் இப்படித்தான் என்று. "சாப்பாடு எப்படி இருக்கு?" என்று கேட்டால் தலையாட்டுவார். உப்பு இல்லை என்றாலும் அதே தலையாட்டல்தான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். காலையிலேயே முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, பால்கனியில் நின்று மேகத்தை முறைப்பார். இவருக்கும் ஒரு பல் டாக்டருக்கும் ஒரு பேக்கரிக்காரருக்கும் சேர்த்து ஒரு குட்டி விமானம் இருக்கிறது. இரண்டே இரண்டு இருக்கை. என்னைவிட வயதில் மூத்தது. கதவை இரண்டு தடவை ஓங்கி அடித்தால்தான் சாத்திக்கொள்ளும். ஒரே ஒரு தடவை நான் அதில் ஏறி உட்கார்ந்தேன். எஞ்சினை முடுக்குவதற்குள் இறங்கிவிட்டேன். கால் தரையில் இருந்தால்தான் எனக்கு வாய் வேலை செய்யும்.

சரி, பறந்து எங்கே போவார் என்று கேளுங்கள். பக்கத்து ஊர் ஓடுதளத்துக்குப் போவார். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் டீ குடிப்பார். திரும்பி வருவார். அவ்வளவுதான்.

"அந்த டீ அவ்வளவு நல்லா இருக்குமா?" என்று ஒரு நாள் வாயைப் பிடுங்கினேன்.

"இல்ல. ஆறிப்போயிருக்கும்" என்றார்.

என்ன சொல்லி இந்த மனிதரைத் திட்டுவது, சொல்லுங்கள்.

எங்களுக்கு ஒரே மகள். கால் பெடலுக்கு எட்டாத வயதிலிருந்தே அப்பாவோடு விமானத்தில் போனவள். எஞ்சின் போடும் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது என்பதால் இருவரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வார்கள். வாயருகே ஒரு மைக் நீட்டிக்கொண்டிருக்கும். அதை மாட்டியதும் இந்த மனிதருக்கு என்ன ஆகுமோ, மடை திறந்ததுபோலப் பேசுவாராம். சின்ன வயதில் கிணற்றில் விழுந்தது, முதல் வேலையில் முதலாளி அறைந்தது, எந்தக் கட்டடத்தின் உச்சியில் நின்று யாருக்காக அழுதார் என்பது, எல்லாம். மகள் வந்து எனக்குச் சொல்வாள். என் புருஷனைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, அவள் வானத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்ததுதான். பெற்ற பெண்மேல் பொறாமைப்படலாமா? பட்டேன். மறைப்பானேன்.

மகள் வளர்ந்து, படித்து, ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் விமானத்துக்குப் போவதை நிறுத்தினாள். முதலில் தலைவலி என்றாள், பிறகு டியூட்டி என்றாள், பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால்தான் வானம் இடிந்து விழுந்துவிடுமே. ஆனால் சனிக்கிழமை தவறாமல் இரண்டாவது ஹெட்போனின் மெத்தையை ஈரத்துணியால் துடைத்து வைப்பார். அந்த இருக்கையில் வேறு யாரையும் ஏற்ற மாட்டார். என் தம்பி எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தான். "வெயிட் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டார். என் தம்பி கொஞ்சம் குண்டுதான், அது வேறு விஷயம்.

அந்தத் தம்பிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கிளறிவிட்டான். ஏரியில் மோட்டார் படகு ஓட்டுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. ஊர் வம்பு இழுப்பது இன்னொரு பொழுதுபோக்கு.

"என்ன மருமகளே, அப்பா பிளேன்ல ஏற மாட்டியாமே. பயமா?" என்றான்.

மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பயம் இல்ல மாமா. ஒரு டீ குடிக்க அவ்வளவு பெட்ரோல எரிக்கணுமான்னு தோணிடுச்சு. போயிட்டு வர்றதுக்குள்ள காத்துல எவ்வளவு புகை சேருது. அதுல உக்காந்து சிரிச்சுப் பேச என்னால முடியல."

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. லிஃப்ட் கதவு மாதிரி சாத்திக்கொண்டுவிட்டது.

என் தம்பி சும்மா இருப்பானா? "அதானே, அத்தான். சொகுசுக்குப் பறக்கறவங்களால்தான் பூமியே சூடாகுது" என்று எண்ணெய் ஊற்றினான்.

"உன் படகு தண்ணியிலயா ஓடுது?" என்று நான் கேட்டேன்.

"தண்ணிலதானக்கா ஓடுது."

"வாய மூடு. ஒரு சுத்து சுத்தினா அது குடிக்கறது, இவர் பிளேன் குடிக்கறதவிட ரெண்டு பங்கு. நீ பேச வந்துட்ட."

மகள் என் பக்கம் திரும்பினாள். "உங்க மீன் தொட்டியும்தான்மா. ராத்திரி பகலா ஹீட்டர், லைட், பம்ப்பு."

பார்த்தீர்களா, நடுவில் போன எனக்கும் கிடைத்தது. என்னிடம் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. அதற்குள் இருக்கும் ஜீவன்களாவது நான் பேசினால் வாயைத் திறந்து மூடுகின்றன. அதைக்கூட விடமாட்டார்களாம். எனக்கு வந்த கோபத்தில் வீட்டில் உள்ளவர், பக்கத்து வீட்டில் உள்ளவர் எல்லாருடைய பொழுதுபோக்கையும் மேஜைமேல் இழுத்துப் போட்டேன். மேல் வீட்டுக்காரர் கோல்ஃப் ஆடுகிறார், அந்தப் புல்லுக்குக் கொட்டும் தண்ணீரில் ஒரு தெருவே குளிக்கலாம். பல் டாக்டர் பைக் ரேஸ் பார்க்க நாடு நாடாகப் போகிறார். எதிர் வீட்டு அம்மா மண்பானை வனைகிறாள், பாவம், சாது என்று பார்த்தால் அவள் சூளை நாள் கணக்கில் கரண்ட்டைத் தின்கிறது. கடைசியில் தபால்தலை சேர்க்கிறவன் ஒருவன்தான் சொர்க்கத்துக்குப் போவான்போல. என் தம்பி சிரித்தான். மகளும் கொஞ்சம் சிரித்தாள். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டியது.

அப்போதுதான் இந்த மனிதர் வாயைத் திறந்தார்.

"நீ மலையேறப் போறியே" என்றார் மகளிடம்.

அவள் நிமிர்ந்தாள். தூரத்து தேசத்தில் உள்ள ஒரு பனிமலைக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் கனவு. லீவு சேர்த்து, பூட்ஸ் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"போக வர பெரிய பிளேன்ல உன் ஒரு சீட்டுக்கு ஆகற பெட்ரோல்ல, நான் நாலஞ்சு மாசத்து ஞாயித்துக்கிழமை பறந்துடலாம்" என்றார்.

தரையில் நின்று அவர் பேசி நான் கேட்டதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். கணக்கில் பிசகாத மனிதர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மகளுக்கும் அது தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

"அத்தான் ஜெயிச்சுட்டார்" என்றான் என் தம்பி. அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மகள் மலைப் பயணத்தை ரத்து செய்துவிட்டாள். என்னிடம்தான் சொன்னாள், சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டே, ஏதோ பால்காரரை நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்வதுபோல. "அப்பா சொன்னது சரிதானேம்மா. அவரை ஒரு கண்ணுல பாத்துட்டு என்னை இன்னொரு கண்ணுல பாக்க முடியாது." பூட்ஸை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டாள். பிடிவாதத்தில் அப்படியே அப்பாவை உரித்து வைத்தவள்.

அவரிடம் சொன்னேன். மனிதர் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நான் போகாதேன்னு சொல்லலையே" என்றார்.

"வேற என்ன சொன்னீங்க?"

"சும்மா சொன்னேன். அவ சொன்னது சுருக்குன்னு இருந்துச்சு. அதான்."

"அதை அவகிட்ட சொல்லுங்க."

"நீ சொல்லேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா? இத்தனை நாள் அவ உங்க பேச்சை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தா. இப்ப நான் உங்க பேச்சை அவகிட்ட கொண்டுபோகணுமா? வாய் இருக்குல்ல, தொறங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். என் மீன்களே தேவலை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம் தங்கவில்லை. அவருக்கு மகளோடு பேச இருந்த ஒரே இடம் அந்த இரண்டு இருக்கை. அங்கே அவள் வர மாட்டேன் என்கிறாள். கீழே பேச இவருக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க மகளின் அறை வாசலில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவதைப் பார்த்தேன். ஊரில் மாட்டிக்கொண்டவர்களையெல்லாம் வெளியே எடுத்துவிடுகிற மனிதர்.

அடுத்த ஞாயிறு காலை அவர் சாவியை எடுக்கும்போது மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "ஏற மாட்டேன். சும்மா கூட வரேன்" என்றாள். அவர் தலையாட்டினார். இருவரும் காரில் போனார்கள். நான் ஜன்னலில் நின்று, இந்த இரண்டு ஊமைகளும் வழியெல்லாம் என்ன செய்வார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் ஓடுதளத்தில் நடந்ததைப் பேக்கரிக்காரர் எனக்குப் பிறகு சொன்னார். அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

பறப்பதற்கு முன்னால் இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதிலிருந்து ஒரு மடக்கு பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் எஞ்சின் நடுவானில் நின்றுவிடும் என்பதால் இதைச் செய்யாமல் யாரும் ஏறுவதில்லை. பார்த்து முடித்ததும் குவளையில் உள்ளதைப் புல்லில் வீசிவிடுவார்கள். எல்லாரும் அப்படித்தான். இவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான், அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான்.

அன்றைக்கும் இவர் பிடித்தார், பார்த்தார், வீசினார்.

"அப்பா, அந்த எடத்துல ஏன் புல்லு இல்ல?" என்று மகள் கேட்டாளாம்.

"இறக்கையோட நிழல். வெயில் படாம முளைக்கல. சின்ன வயசுலயே சொல்லியிருக்கேனே."

"நிழல் இறக்கைக்கு அடியிலதானே விழும். அங்க புல்லு நல்லா இருக்கு. நீங்க வீசற எடத்துலதான் இல்ல."

அவர் பார்த்தார். விமானத்தின் அடியில் புல் கணுக்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. இரண்டு எட்டு தள்ளி, கை வீசினால் போய் விழும் தூரத்தில், தரை வழுக்கையாகக் கிடந்தது. வரிசையாக நின்ற எல்லா விமானத்துக்குப் பக்கத்திலும் அப்படி ஒரு வழுக்கை.

"இந்தப் பழைய எஞ்சினுக்கு ஊத்தற பெட்ரோல்ல ஈயம் இருக்குப்பா. காருக்கெல்லாம் எப்பவோ நிறுத்திட்டாங்க. எரியற பெட்ரோல நீங்க கணக்குப் போட்டீங்க, யாரோடது ஜாஸ்தி, யாரோடது கம்மின்னு. இந்த ஒரு மடக்கு யாரு கணக்குலயும் வராது. ஆனா அது இங்கயேதான் கெடக்கும், மண்ணுல."

கோபமாகச் சொல்லவில்லையாம். மெதுவாகத்தான் சொன்னாளாம். அவர் அந்த மண்ணுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. "நிழல்னு சொன்னேனே உன்கிட்ட" என்று மட்டும் சொன்னாராம். பிறகு விமானத்துக்குத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, மேகமே இல்லாத நாளில், பறக்காமல் கிளம்பிவிட்டார். பேக்கரிக்காரர் அவரை அப்படிப் பார்த்ததே இல்லையாம்.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். ஓடுதளத்து ஷெட்டின் வாசலில் ஒரு டின்னும் புனலும் வைத்தார், குவளையை அதில்தான் கவிழ்க்க வேண்டும் என்று. எல்லாரும் கேலி செய்தார்கள். அங்கே விமானம் வைத்திருப்பவர்களின் கூட்டத்தில் பல் டாக்டர் எழுந்து, "ஒரு மடக்குல உலகம் அழிஞ்சிடப் போகுதா?" என்று கேட்டார். இவர் எழுந்து நின்று, "உலகம் இல்ல டாக்டர். அந்தப் புல்லு" என்றாராம். இப்போது எல்லாரும் டின்னில்தான் ஊற்றுகிறார்கள். விமானத்தை விற்றுவிடலாம் என்றும் சொன்னார். மகள்தான் தடுத்தாள், மாதத்துக்கு ஒரு ஞாயிறு போதும் என்றாள். ஈயம் இல்லாத பெட்ரோல் வரும் வருமென்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பார்ப்போம். அவள் ரயிலில் போகக்கூடிய மலைகளாகப் பார்த்து ஏறுகிறாள். பனியைப் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் இன்னும் இருக்கிறது, எனக்குத் தெரியும். நான் தொட்டி விளக்கை இரவில் அணைத்துவிடுகிறேன், மீனும் தூங்க வேண்டுமே என்று. மகள் சொன்னதற்காக என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். என் தம்பி படகை விடவில்லை. அவனைத் திருத்துவது ஆண்டவனாலும் ஆகாது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் நினைவில் வைத்திருப்பது இதற்கெல்லாம் இல்லை.

அன்றைக்குக் கார் வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் வந்து வாசலில் நின்ற சத்தம் கேட்டது. சமையலை முடித்துத் தட்டு வைத்தேன். கதவு தட்டப்படவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், எஞ்சினை அணைத்துவிட்டு இருவரும் காரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சண்டையோ என்று பயந்து போனேன். உற்றுப் பார்த்தால் இவருடைய கை ஆடிக்கொண்டிருக்கிறது. மேலே, கீழே, பக்கவாட்டில். பேசும்போது கையை ஆட்டுகிற மனிதரா இவர்? நான் கல்யாணம் செய்துகொண்டவர் இல்லையே இவர் என்று ஒரு கணம் தோன்றியது.

சாப்பாடு ஆறியது. எனக்கு எரிச்சல் வந்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கிப் போனேன். கார்க் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அவர் குரல் கேட்டது.

"நீ வராம போனப்புறம் எதுக்குப் பறக்கறேன்னே தெரியல. மேல போவேன். பக்கத்து சீட்டப் பாப்பேன். ஒரு வார்த்தை பேசாம டீய குடிச்சிட்டுத் திரும்பி வந்துடுவேன். அந்தப் பெட்ரோல் எல்லாம் சும்மா எரிஞ்சதுதான்."

மகள் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு அந்தப் புகைதான்பா பிடிக்கல. உங்களப் பிடிக்காம இல்ல. ரெண்டையும் பிரிச்சு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எனக்கும் கீழ வச்சு எப்படிப் பேசறதுன்னு தெரியல."

"இப்ப பேசறீங்களே."

அவர் யோசித்தார். "ஆமா" என்றார், அதிசயமாக.

நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். அப்பாவும் மகளும் இத்தனை நாள் கழித்துப் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் கால் திரும்பவில்லை. பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். அவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"என்னைப் பாத்ததும் ஏன் நிறுத்தறீங்க?" என்றேன். கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், குரல் உடைந்துவிட்டது. "இத்தனை வருஷமா நான்தானே பேசிட்டிருக்கேன். நானும் ஒரு நாள் கேக்கக் கூடாதா?"

மகள் கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் பார்த்தது போதாது என்பதுபோல இருக்கையிலேயே உடம்பைத் திருப்பி, நேராகப் பார்த்தார். தலையாட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

"உன்ன முதல் தடவ பாத்த அன்னிக்கே உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

"சொல்லுங்க."

சொன்னார். வெகு நேரம், தட்டுத் தடுமாறி, நடுவில் இரண்டு தடவை நிறுத்தி, எதையும் விடாமல் சொன்னார். அவர் என்ன சொன்னார் என்பதை இதுவரை என் பார்லரில்கூட யாரிடமும் நான் சொன்னதில்லை.